டாம் ஜான்சனும் மூன்று கண்டக்டர்களும்

கொஞ்ச நாளாக ஒரு மேயரோட சுயசரிதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பெயர் டாம் எல். ஜான்சன். 1901 முதல் 1909 வரை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகர மேயராக இருந்தவர். புத்தகத்தின் பெயர் ‘மை ஸ்டோரி’. அவர் இறந்த 1911ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவரோடு வேலை செய்த எலிசபெத் ஹாசர் பதிப்பித்தது.

இந்த ஆளைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் எடுத்துப்போடுவது லிங்கன் ஸ்டெஃபன்ஸ் கொடுத்த சான்றிதழைத்தான். நகராட்சி ஊழல்களைத் தோண்டித் தோண்டி எழுதிப் பேர் வாங்கிய பத்திரிகையாளர் ஸ்டெஃபன்ஸ். சுலபத்தில் யாரையும் பாராட்டாதவர். அவரே, அமெரிக்காவில் நன்றாக ஆளப்படும் நகரம் கிளீவ்லாந்து, அங்கே இருப்பவர்தான் நாட்டின் சிறந்த மேயர் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வரியைச் சுற்றியே கும்மியடித்திருக்கிறார்கள். நானும் அந்த மனநிலையில்தான் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு தடவை படித்து முடித்தபோது ஜான்சன் மேல் மதிப்பு கூடத்தான் செய்தது. கூடவே ஒரு உறுத்தலும் சேர்ந்துகொண்டது. அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். ஜான்சன் 1854இல் கென்டகியில் பிறந்தவர். அப்பா பருத்தித் தோட்ட முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்ற அதிகாரி. 1865இல் போர் முடிந்தபோது குடும்பம் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊரில், கையில் காசில்லாமல் நின்றது. பையனுக்குப் பதினொரு வயது. ஊருக்கு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ரயில். அந்த ரயிலின் கண்டக்டருக்குப் பையனைப் பிடித்துப்போனது. இந்த ரயிலில் செய்தித்தாள் கொண்டுவந்து விற்கும் உரிமை உனக்கு மட்டும்தான், வேற யாரையும் ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போர் முடிந்த நேரம், செய்திக்கு ஊரே ஏங்கிக் கிடக்கிறது. போட்டிக்கு ஆளில்லை. ஐந்து வாரத்தில் பையன் சம்பாதித்தது வெள்ளிக்காசாக 88 டாலர். பிறகு கண்டக்டர் மாறினார், வியாபாரமும் முடிந்தது. குடும்பம் அந்தக் காசை வைத்துத்தான் ஊரைவிட்டுக் கிளம்ப முடிந்தது.

வேறு எந்தப் பணக்காரராக இருந்தாலும் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்? சின்ன வயசிலேயே உழைத்தேன், விடியலில் எழுந்தேன், அதனால் முன்னேறினேன் என்று நீட்டி முழக்கியிருப்பார். ஜான்சன் சொல்லும் நீதி வேறு. எனக்குக் கிடைத்தது ஏகபோகம், அதைக் கொடுத்த கை போனதும் அதுவும் போனது என்று நேராகச் சொல்கிறார். தன் பணம் தன் உழைப்பிலிருந்து மட்டும் வரவில்லை, ஒரு சலுகையிலிருந்து வந்தது என்று பணக்காரர் ஒருவரே கணக்குக் காட்டுகிற சுயசரிதை அபூர்வம். புத்தகத்தின் முதல் பாதி முழுக்க இந்த நேர்மைதான் ஓடுகிறது. நான் இதைச் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான்.

அடுத்து லூயிவில் நகரம். டு பான்ட் குடும்பத்தினரின் டிராம் கம்பெனியில் பதினைந்து வயதில் ஆபீஸ் பையனாகச் சேர்கிறார். சீக்கிரமே ஒரு கண்ணாடிக் கட்டணப் பெட்டியைக் கண்டுபிடிக்கிறார். நம்ம உண்டியல் மாதிரிதான், ஆனால் பயணி போட்ட காசு கண்ணாடி வழியாக வெளியே தெரியும். எவ்வளவு விழுந்தது என்று பார்த்துவிட்டு உள்ளே தள்ளிவிடலாம். ஊழியர் கையில் காசு தேங்க வழியில்லை. இதில் மட்டும் அவருக்கு இருபது முப்பதாயிரம் டாலர் வந்தது. 1876இல் இண்டியானாபொலிஸ் டிராம் கம்பெனியை வாங்கினார். 1879இல் கிளீவ்லாந்துக்கு வந்து, பின்னாளில் மெக்கின்லியை ஜனாதிபதி ஆக்கிய மார்க் ஹன்னாவோடு டிராம் தொழிலில் மோதினார். ஜான்ஸ்டவுனிலும் லொரெய்னிலும் தண்டவாளம் உருட்டும் எஃகு ஆலைகள் வைத்தார். யூக்ளிட் அவென்யூவில், கோடீஸ்வரர்கள் வரிசையாக வீடு கட்டியிருந்த தெருவில், அவருக்கும் ஒரு மாளிகை இருந்தது.

இடையில் ஒரு ரயில் பயணம். இண்டியானாபொலிஸிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, புத்தகம் விற்கும் பையன் ஹென்றி ஜார்ஜ் எழுதிய ‘சோஷியல் பிராப்ளம்ஸ்’ நூலை நீட்டுகிறான். தலைப்பைப் பார்த்து, விபச்சாரத்தைப் பற்றிய உபதேசம் போல என்று நினைத்து ஜான்சன் வேண்டாம் என்கிறார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் குறுக்கிட்டு, நீங்க நினைக்கிற மாதிரி புத்தகம் இல்லை, வாங்கிப் படிங்க என்று வற்புறுத்துகிறார். வாங்கினார். அடுத்து ‘பிராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி’யையும் வாங்கினார். இதில் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று தன் வக்கீலிடமே கொடுத்தார். வக்கீலாலும் முடியவில்லை.

ஹென்றி ஜார்ஜ் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: நிலத்தின் மதிப்பு ஏறுவது ஊரே சேர்ந்து உழைப்பதால், அந்த ஏற்றத்தை நிலத்துக்காரன் மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அதை வரியாக எடுத்தால் வேறு வரியே தேவைப்படாது. இதற்குத்தான் ஒற்றை வரி என்று பெயர். ஜான்சன் இதில் கேட்டது இன்னும் ஒரு படி அகலமான பாடம். திருடனைத் தேடாதே, திருட வழி விடும் சட்டத்தைத் தேடு. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் ஊர் கெடவில்லை, சலுகை என்று ஒன்று இருப்பதால் கெடுகிறது. ஸ்டான்டன் ரயிலில் அவரே அனுபவித்த விஷயம் அல்லவா!

இந்தப் பாடத்தைத் தன் நலனுக்கு எதிராகவும் பயன்படுத்தினார் என்பதுதான் ஆச்சரியம். 1891 முதல் 1895 வரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, எஃகுத் தண்டவாளத்துக்கு இறக்குமதி வரியே வேண்டாம் என்று வாதாடினார். தண்டவாளம் செய்து விற்றவரே அவர்தான். அதே சமயம், சட்டம் இருக்கிறவரை வியாபாரியாக அதன் பலனை எடுத்துக்கொள்வேன், சட்டம் இயற்றுகிறவனாக அதை எதிர்ப்பேன் என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். டெட்ராய்ட்டில் மேயர் பிங்க்ரீ 3 சென்ட் டிராம் கட்டணத்துக்காகப் போராடியபோது கம்பெனி தரப்பில் எதிரே நின்றவர் இதே ஜான்சன்தான். பின்னாளில் அதே 3 சென்ட் அவருடைய கொடியாயிற்று. இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூதாட்டத்தின் விதியை ஜெயிக்கிறவனே அம்பலப்படுத்தினால் அதற்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. டிராம் கம்பெனி கணக்கில் எங்கே தண்ணீர் கலந்திருக்கிறது என்பது அதைக் கலந்து பார்த்தவருக்குத்தானே தெரியும்?

மேயர் ஆன கதைக்கு வருவோம். 1901 ஏப்ரலில் ஜெயித்தார். ஏரிக்கரை நிலத்தை ரயில் கம்பெனிகளுக்குத் தாரைவார்க்கப் பழைய நிர்வாகம் தயாராக இருந்தது. அதைத் தடுக்கவே அவசர அவசரமாகப் பதவி ஏற்றார். அடுத்த எட்டு வருஷம், நான்கு தேர்தல் வெற்றிகள். கூடாரம் அடித்துக் கூட்டம் போடுவார். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், திட்டலாம், இவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பூங்காக்களில் ‘புல்லில் நடக்காதே’ பலகைகளைப் பிடுங்கச் சொன்னார். குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானங்களும் பொதுக் குளியலறைகளும் வந்தன. தண்ணீருக்கு மீட்டர் வந்தது. நகரின் நடுவில் அரசுக் கட்டடங்களை ஒழுங்காக அமைக்க டேனியல் பர்னம் உள்ளிட்ட மூவர் 1903இல் ‘குரூப் பிளான்’ போட்டுக் கொடுத்தார்கள்.

சேர்த்த ஆட்களையும் பார்க்கணும். சட்டத்துக்கு நியூட்டன் பேக்கர், பின்னாளில் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் போர் அமைச்சர் ஆனவர். பீட்டர் விட் என்ற பழைய வார்ப்படத் தொழிலாளி ‘வரிப் பள்ளி’ நடத்தி, எந்தத் தெருவில் யார் எவ்வளவு வரி கட்டுகிறார்கள், குடிசைக்காரன் தலையில் எவ்வளவு, ரயில் கம்பெனி தலையில் எவ்வளவு என்று மக்களுக்கே விளக்கினார். நீதிமன்றத் தடை வாங்கி அதை மூடவைத்தார்கள். ஹாரிஸ் கூலி என்ற பாதிரியார் ஏழைகள் நலத்துறையைப் பார்த்துக்கொண்டார். அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடந்தவர்களை நூற்றுக்கணக்கில் வெளியே விட்டார். வாரன்ஸ்வில்லில் பண்ணை நிலம் வாங்கி, கைதிகளையும் நோயாளிகளையும் முதியோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுபோனார். ஜான்சனின் கொள்கை இங்கேதான் ரொம்ப அழகாக வேலை செய்தது. ஆளைக் குற்றம் சொல்லாதே என்ற பாடம் சிறைக்குள் போனபோது கருணையாக மாறியது. அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் பலர் சாராயக்கடையை மூடு, ஏழைக்கு ஒழுக்கம் கற்பி என்று அலைந்தபோது இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது டிராம். அன்றைய வழக்கமான கட்டணம் 5 சென்ட். ஜான்சன் 3 சென்ட் என்றார். வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 4 சென்ட் மிச்சம். வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் 12 டாலர். அன்றைய கூலிக்காரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. நகராட்சியே டிராம் நடத்த ஒஹாயோ சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் லாபம் எடுக்காத ஒரு கம்பெனியைத் தன் ஆட்களை வைத்து உருவாக்கி, நகரத்தின் சார்பில் நடத்த ஏற்பாடு செய்தார். பழைய கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தடைக்கு மேல் தடை, ஐம்பதுக்கும் மேல். ஒரு தெருவில் தண்டவாளம் போட ஆரம்பித்தால் மறுநாள் ஸ்டே. ஏழு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1908 ஏப்ரலில் சமரசம் ஆனது. பழைய கம்பெனியின் பங்கு ஒன்றுக்கு 55 டாலர் என்று விலை பேசி, மொத்த டிராமும் ஜான்சன் தரப்பின் முனிசிபல் டிராக்‌ஷன் கம்பெனி கைக்கு வந்தது.

இதுவரை படித்துவிட்டு ஒரு சின்ன வெற்றிப் பெருமூச்சு விட்டேன். அடுத்த மாதமே டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

என்ன விஷயம் என்றால், பழைய கம்பெனி அதன் தொழிற்சங்கத்துக்குச் சம்பள உயர்வு தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தது. புதிய நிர்வாகம் அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. கண்டக்டர்களும் ஓட்டுநர்களும் தெருவில் இறங்கினார்கள். கல்லெறி, டைனமைட் என்று கலவரம் ஆனது. வேலைநிறுத்தம் தோற்றது. வேலைநிறுத்தக்காரர்கள் ஓய்ந்துவிடவில்லை. புதிய கம்பெனிக்குத் தந்த உரிமத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடக் கோரும் மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று காலமெல்லாம் பேசியவர் ஜான்சன். 1908 அக்டோபரில் அதே வாக்கெடுப்பில், 75,000க்கு மேல் பதிவான வாக்குகளில் 605 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். டிராம் நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போனது. 1909 நவம்பரில் மேயர் பதவியும் போனது.

இந்த 605 வாக்கைப் பற்றி ஜான்சன் எழுதும் பக்கங்களில்தான் எனக்கு உறுத்தல். தங்கள் தரப்பில் பிழைகள் நடந்ததை அவர் மறைக்கவில்லை. ஆனா என் வாசிப்பில், அந்தப் பக்கங்களின் கனம் முழுக்க எதிரிகள் மேல்தான் விழுகிறது. பழைய பங்குதாரர்கள், வங்கிகள், பத்திரிகைகள். ஊழியர்கள் வரும்போது, யாரோ தூண்டிவிட்ட ஆட்கள் மாதிரி வந்துபோகிறார்கள். தூண்டுதல் இருந்திருக்கலாம். பழைய கம்பெனிக்கு அதில் லாபம் இருந்ததும் உண்மை. ஆனா சம்பள உயர்வு என்று கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்தது. கண்டக்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை ரொம்ப எளிது: எங்களுக்குத் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து கேட்க ஜான்சனுக்கு ஏன் முடியவில்லை?

என் பதில் இது. அவருடைய உலகத்தில் இரண்டே தரப்புதான். ஒரு பக்கம் சலுகை, மறுபக்கம் மக்கள். டிராமில் மக்கள் என்றால் பயணிகள். 3 சென்ட் என்பது பயணியின் கணக்கு. கட்டணத்தைக் குறைத்து, பங்குதாரருக்கு 6 சதவீதமும் கொடுத்துவிட்டால், மீதியில் கசக்கிப் பிழிய இருப்பது சம்பளம்தான். ஜான்சன் வில்லன் இல்லை, கணக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் ஊழியர் கூடுதல் கேட்கும்போது அவர் சலுகைக்காரரும் ஆகவில்லை, அவர் சொன்ன ‘மக்கள்’ என்ற வார்த்தைக்குள்ளும் அடங்கவில்லை. அந்த மூன்றாவது ஆளை வைக்க ஜான்சனின் கொள்கையில் ஓர் அறை இல்லை. ஆளைப் பார்க்காதே, விதியைப் பார் என்ற அதே பாடம்தான் வாரன்ஸ்வில் கைதிக்குக் கதவைத் திறந்தது, டிராம் ஊழியருக்கு முன்னால் கதவைச் சாத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஸ்டெஃபன்ஸின் சான்றிதழை மட்டும் மேற்கோள் காட்டுவது பாதி வாசிப்பு.

இன்னொன்றும் தோன்றியது, கொஞ்சம் அதிகப்படியாகக்கூட இருக்கலாம். இந்த வாழ்க்கையின் திருப்பங்களில் எல்லாம் ஒரு கண்டக்டர் நிற்கிறார். ஸ்டான்டனில் ஒருவர் முதல் காசுக்கு வழிகாட்டினார். இன்னொருவர் ஹென்றி ஜார்ஜைக் கையில் கொடுத்தார். 1908இல் கிளீவ்லாந்துக் கண்டக்டர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். முதல் இருவரும் சுயசரிதையில் பிரியத்தோடு வருகிறார்கள். அவர்கள் கொடுத்தவர்கள். மூன்றாமவர் கேட்டவர். நடுவில் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது: பயணி போட்ட காசு ஊழியர் கையில் தங்காமல் உள்ளே விழும்படி செய்த பெட்டி. பதின்ம வயதில் கண்டுபிடித்த ஒரு கருவியை வைத்து ஒரு மனிதரின் முழு மனசையும் அளப்பது நியாயமில்லை. இருந்தாலும், காசு போகும் வழியை அவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்தவர், பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்க்கத் தவறினார் என்பது கண்ணில் படாமல் இல்லை.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லணும். அவர் கணக்குத் தப்பு என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. நீதிபதி டெய்லர் வகுத்த ஏற்பாட்டின்படி, டிராம் மறுபடி தனியார் கைக்குப் போனாலும் கணக்கு நகரத்தின் கண்காணிப்பில் இருந்தது, லாபம் 6 சதவீதத்தோடு நின்றது. சில ஆண்டுகள் 3 சென்ட் டிராம் கிளீவ்லாந்தில் ஓடவும் செய்தது. தோற்றுப்போனவர் பாதி ஜெயித்திருக்கிறார். நியூட்டன் பேக்கர் அடுத்தடுத்து மேயராகி, 1914இல் நகராட்சி மின்நிலையத்தைத் திறந்தார். டிராம் கடைசியில் நகரத்துக்கே சொந்தமானது 1942இல். ஜான்சன் கேட்டது எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக, அவர் பேர் இல்லாமல் வந்துசேர்ந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. சொத்தும் கரைந்துபோயிருந்தது. யூக்ளிட் அவென்யூ மாளிகையை விற்க வேண்டிவந்தது. 1911 ஏப்ரல் 10 அன்று, 56 வயதில் இறந்தார். புரூக்ளினில் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில், ஹென்றி ஜார்ஜுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கிளீவ்லாந்து பப்ளிக் ஸ்கொயரில் அவருக்குச் சிலை இருக்கிறது. கையில் ‘பிராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி’யோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

‘மை ஸ்டோரி’யைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். நோயில் இருந்த கடைசிக் காலத்தில் உருவான புத்தகம், அதனால் பின்பகுதியில் அவசரம் தெரியும். அதற்காக விட்டுவிட வேண்டாம். முதல் பாதியைப் படிக்கும்போது, இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் முதலாளியைப் பார்த்து வியந்துகொள்ளுங்கள். 1908க்கு வந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஊழியர்கள் தங்கள் குரலில் பேசும் இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள். நான் இரண்டு முறை தேடிவிட்டேன். உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்கள், இந்தக் கட்டுரையைத் திருத்திக்கொள்கிறேன்.